கோட்டம் எடுக்கத் தெரிந்தவர்: அல்சூரில் ஒரு புல்லட் பட்டறை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கும் பழைய மதராஸ் சாலைக்கும் நடுவே உள்ள சந்துகளில் ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. வாசல் தூணில் ஆணியடித்து மாட்டியிருக்கும் துருப்பிடித்த சைக்கிள் ரிம்தான் அதற்கு அடையாளம். என் மாமனாருடைய 1984ஆம் ஆண்டு என்ஃபீல்டு புல்லட்டை அங்கே விட்டு, 11 வாரம் காத்திருந்து, 61,400 ரூபாய் கொடுத்துத் திரும்ப எடுத்து வந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வண்டி 1,800 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வேலை முடிந்த அன்றே எழுதப்படும் பாராட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதால், ஒரு மழைக்காலம் போகட்டும் என்று பொறுத்திருந்து இதை எழுதுகிறேன். பட்டறை நடத்துகிறவர் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாசலில் இப்போதே ஒன்பது வண்டிகள் நிற்கின்றன, பத்தாவதற்கு இடமில்லை என்பது அவர் சொன்ன காரணம். தேடிப் போகிறவர்களுக்கு அந்த ரிம் போதும்.

வண்டியின் பூர்வீகம் கோலார் தங்க வயல் (கேஜிஎஃப்). மாமனார் சுரங்கத்தில் வேலையில் இருந்தபோது வாங்கியது. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும், குடியிருப்பில் பலர் ஊரைக் காலி செய்து பெங்களூருக்கு வேலை தேடி வந்த பிறகும், அவர் அந்த வண்டியை விற்கவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் கிக்கரை மிதிக்க முடியாமல் போனதும், சாவியை என் கையில் கொடுத்து, “ஓட்டலைன்னாலும் பரவாயில்ல மாப்ளே, நிறுத்தி வைக்காதீங்க” என்றார். இந்த வாக்கியத்தின் பொருளை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நான் போனது இந்தப் பட்டறைக்கு அல்ல. நகரத்தின் மறுபக்கத்தில், கண்ணாடிக் கதவும் காபி இயந்திரமும் வைத்து, பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் இடத்துக்குப் போனேன். 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆறே வாரத்தில் கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு திருப்பித் தந்தார்கள். பெட்ரோல் டேங்கில் ‘ராயல் என்ஃபீல்டு’ என்று தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பழைய ரிம்களைக் கழற்றி, குரோம் பூசிய மலிவு ரிம்களை மாட்டியிருந்தார்கள். ஹென்னூர் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவுடன் ஹேண்டில்பார் பரதநாட்டியம் ஆடியது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்ற பதில் கிடைத்தது. அந்தப் பதிலை நம்பி ஏழு மாதம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். மாமனாரிடம் இதைச் சொல்லவில்லை.

அல்சூர் பட்டறைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு வயதில் சிவாஜிநகரில் ஒரு சைக்கிள் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, வாடகைச் சைக்கிளுக்குக் காற்றடிப்பதில் தொடங்கி, பங்க்சர், பால்ரஸ் மாற்றுவது, முழு ஓவராயிலிங் என்று படிப்படியாகத் தொழில் கற்றவர். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியபோது இஞ்சினைக் கிளப்பச் சொல்லவே இல்லை. நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் கட்டைவிரலை ஊன்றி அதன் நகம் ரிம்மை எங்கெங்கே உரசுகிறது என்று பார்த்தார். மூன்று சுற்று. பிறகு, “இஞ்சினை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல இது சைக்கிளா இருக்கட்டும்” என்றார்.

இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, அந்த வண்டியைச் செய்த நிறுவனம் வந்த வழியும் அதுதான். இங்கிலாந்தில் ரெட்டிச் என்றொரு சிறு நகரம். 19ஆம் நூற்றாண்டில் உலகம் தைத்த துணிகளில் பெரும்பகுதி அந்த ஊர் ஊசியால் தைக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. அங்கே ஹண்ட் எண்ட் என்ற பகுதியில் 1851 வாக்கில் ஜார்ஜ் டவுன்செண்டு தொடங்கிய ஊசி ஆலைதான், 1880களில் சைக்கிள் பாகங்களுக்கும் பிறகு முழுச் சைக்கிளுக்கும் மாறியது. எஃகுக் கம்பியை இழுத்து, நேராக்கி, அளவாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி மறுமுனையில் காது துளைத்தால் ஊசி. அதே கம்பியைத் தடிமனாக எடுத்து ஒரு முனையில் கொண்டை வைத்து மறுமுனையில் மரை வெட்டினால், நம் ஊர்க் கடைகளில் போக்ஸ் கம்பி என்று கேட்டு வாங்கும் சக்கரக் கம்பி. ஊசிக்காரர் சைக்கிளுக்கு வந்ததில் எனக்கு வியப்பு ஏற்படாததற்கு இதுவே காரணம்.

சைக்கிளில் டவுன்செண்டின் கணக்கு தப்பியது. கடன் ஏறியபோது, 1891இல் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஆல்பர்ட் ஈடி, பேனா முள் செய்துவந்த பர்மிங்ஹாம் நிறுவனம் ஒன்றின் விற்பனைத் தலைவர். ராபர்ட் வாக்கர் ஸ்மித், கவெண்ட்ரியின் ரட்ஜ் சைக்கிள் நிறுவனத்தில் இருந்த பொறியாளர். இவர்களுக்கு 1893இல், மிடில்செக்ஸ் மாவட்டத்து என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உதிரிபாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் தங்கள் சைக்கிளுக்கு அந்த ஊரின் பெயரையும், தொழிற்சாலையின் பெயரில் இருந்த ‘ராயல்’ என்ற அடைமொழியையும் சேர்த்து ‘ராயல் என்ஃபீல்டு’ என்று வைத்தார்கள். பீரங்கிச் சின்னமும் ‘துப்பாக்கியைப் போலச் செய்தது’ என்ற முழக்கமும் அந்தச் சமயத்தில் சைக்கிளுக்காகப் பிறந்தவை. இன்று இஞ்சின் ஓசையைக் கேட்டுப் பூரித்து டேங்கில் பீரங்கிப் படம் ஒட்டிக்கொள்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அது மணியடித்துக்கொண்டு போகும் மிதிவண்டிக்கு வைத்த சின்னம் என்று தெரியும்?

மோட்டாருக்கு மாறியது ஒரே நாளில் நடக்கவில்லை. 1890களின் கடைசியில், பிரெஞ்சு தே தியோன் இஞ்சினை வைத்து, இரண்டு சைக்கிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டியது போன்ற நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வந்தது. அதன் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். சாதாரணச் சைக்கிள் சட்டம், சைக்கிள் சீட்டு, சைக்கிள் பெடல். ஒன்றரைக் குதிரைச் சக்தி மினர்வா இஞ்சின் மட்டும் ஹேண்டிலுக்கு முன்னால், முன்சக்கரத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தோல் பெல்ட் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடிப் பின்சக்கரத்தைச் சுற்றும். இஞ்சினுக்கு இடம் எது என்று இன்னும் தீர்மானமாகாத காலம் அது. ஆனால் சக்கரத்துக்கு இடம் எது, அதில் எத்தனை கம்பி இருக்க வேண்டும், செயின் எந்த நேர்கோட்டில் ஓட வேண்டும் என்பதெல்லாம் சைக்கிள் தொழிலில் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனமும் துப்பாக்கியிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து 1910இல் மோட்டார் சைக்கிளுக்கும் இதே வழியாகத்தான் வந்தது. கவெண்ட்ரியின் டிரையம்ஃப் 1902இலேயே வந்துவிட்டது. நம் நாட்டில் லூதியானாவின் ஹீரோ சைக்கிள் குடும்பம் இந்த வழியில் வந்தது மிகவும் பின்னால். என் மாமனாரின் புல்லட் சென்னை திருவொற்றியூர் ஆலையை விட்டுப் புறப்பட்ட அதே 1984இல்தான் ஹீரோவும் ஹோண்டாவும் கைகோத்தன. அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய 100 சிசி வண்டியைப் பார்த்து, கேஜிஎஃப்பில் பாதிப் பேர் புல்லட்டைக் கைவிட்டார்கள் என்று மாமனார் இன்றும் குறைபட்டுக்கொள்வார்.

பட்டறைக்கு வருகிறேன். மலிவு ரிம்களைக் கழற்றிப் பார்த்தபோது, கம்பிகள் இரண்டு வேறு நீளத்தில் இருந்தது தெரிந்தது. குட்டையானவை, கம்பியை ரிம்மோடு பூட்டும் நிப்பிளுக்குள் இரண்டு மரை அளவே பிடித்திருந்தன. நீளமானவற்றின் நுனி ரிம்முக்கு உள்ளே துருத்திக்கொண்டு, ரப்பர் நாடாவைத் தாண்டி டியூபைக் குத்தக் காத்திருந்தது. பட்டறைக்காரர், மாமனார் வீட்டுப் பரணில் இருந்த பழைய ரிம்களைக் கொண்டுவரச் சொன்னார். நல்லவேளையாக மாமனார் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. ஜே.சி. சாலையில் ஒரே அளவாகப் பொறுக்கி வாங்கிய 80 கம்பிகள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் 40. வழக்கமான நம் ஊர்ச் சைக்கிளின் பின்சக்கரத்திலும் இதே 40தான் என்று அவர் சுட்டிக்காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

கோட்டம் எடுப்பதை, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்துவதை, நான் இரண்டு சனிக்கிழமை காலையில் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். சக்கரம் பக்கவாட்டில் ஆடுவது ஒன்று, ஏறி இறங்குவது இன்னொன்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். நெட்டையாக நின்ற ஒரு இரும்புச் சட்டத்தில் சக்கரத்தை மாட்டி, ஒரு சாக்குக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார். ரிம் எந்த இடத்தில் வெளியே தள்ளுகிறதோ அந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் திருகு இறுக்கி, அதே பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்துகிறார். மீண்டும் துடைத்து, மீண்டும் சுற்றி, மீண்டும் கோடு. கடைசியில் வெள்ளைக் கோடு ரிம்மின் முழு வட்டத்துக்கும் ஒரே மாதிரி மெல்லிதாக விழுந்தபோதுதான் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு ஸ்பானரின் வாலால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே போனார். ‘டிங்’ என்றால் சரி. ‘டொக்’ என்றால் தளர்வு. 33ஆவதோ 34ஆவதோ ஒரு கம்பி ‘டொக்’ என்றது. அது என் காதுக்கு மற்றவற்றைப் போலவே கேட்டது. இதற்கு அவர் வாங்கிய கூலி, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 1,800 ரூபாய். என்னைக் கேட்டால் மொத்தச் செலவில் மிக நியாயமான தொகை இதுதான்.

2017 நவம்பரில் இதே பெங்களூரின் யெலஹங்கா விமானப்படைத் தளத்தில், ராணுவத்தின் டொர்னாடோஸ் குழுவினர் 58 பேர் ஒரே 500 சிசி ராயல் என்ஃபீல்டில் ஏறி 1,200 மீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார்கள். செய்தி வந்தபோது எல்லோரும் இஞ்சினைப் புகழ்ந்தார்கள். கோட்டம் எடுப்பதைப் பார்த்த பிறகு, அன்றைக்கு அந்த 58 பேரையும் தாங்கிய கம்பிகளைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

பின்சக்கரத்தில் இன்னொரு வேலை இருந்தது. கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி வெடுக்கென்று குதித்தது. முந்தைய கடையில் இதைக் கார்ப்புரேட்டர் கோளாறு என்று சொல்லியிருந்தார்கள். இவர் பின் ஹப்பைப் பிரித்து உள்ளே இருந்த ரப்பர் கட்டைகளை எடுத்துக் காட்டினார். கருங்கல்லைப் போல் இறுகி, ஓரங்கள் உதிர்ந்திருந்தன. செயின் இழுக்கும் அதிர்ச்சி நேராகச் சக்கரத்துக்குப் போகாமல் நடுவில் ரப்பர் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை, ரெட்டிச்காரர்கள் 1912 வாக்கிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். மனிதக் கால் மிதிக்கும் சைக்கிளுக்கு இது தேவையில்லை. ஒற்றை சிலிண்டர் இஞ்சின் உதைத்து உதைத்து இழுக்கும்போதுதான் தேவை வருகிறது. சைக்கிள் மோட்டார் சைக்கிளாக மாறியதைச் சொல்லும் பாகம் ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் இஞ்சினை விட்டுவிட்டு இந்த ரப்பர் கட்டையைத்தான் காட்டுவேன். புதியது 420 ரூபாய். குதிப்பு நின்றுவிட்டது.

டேங்கில் ஒட்டியிருந்த ‘ராயல் என்ஃபீல்டு’ ஸ்டிக்கரை அவர் நகத்தாலேயே கிழித்துப் போட்டார். எனக்கு ஒரு கணம் பகீரென்றது. “எண்பத்திநாலுல ராயல் ஏது தம்பி? வெறும் என்ஃபீல்டுதான்” என்றார். அவர் சொன்னது சரி. நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட்டுகளை நூற்றுக்கணக்கில் கேட்டதைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டுவதில் ஆரம்பித்து, 1957இல் அச்சுகளையும் கருவிகளையும் வரவழைத்து, 1962க்குள் முழு வண்டியையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். தாய் வீட்டின் கதை வேறு மாதிரி முடிந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது, எஞ்சியிருந்த பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஆலையும் 1970இல் நின்றது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. ‘ராயல்’ என்ற சொல் நிறுவனத்தின் பெயரில் ஏறியது, 1994இல் ஐஷர் குழுமம் அதை வாங்கிய பிறகு. ஆகவே 1984 வண்டியில் அந்தச் சொல்லை ஒட்டுவது, தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையில் பேரனுடைய பட்டத்தை அச்சடிப்பது போல.

ஸ்டிக்கருக்குப் பதிலாக, சிவாஜிநகரில் முன்பு கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஓர் ஓவியரிடம் டேங்கைக் கொடுத்தனுப்பினார். கறுப்பில் தங்கக் கோடு, அளவுகோல் இல்லாமல், அணில் முடித் தூரிகையால் ஒரே மூச்சில் இழுத்தது. திருவொற்றியூரிலும் இந்தக் கோடுகளைக் கையால்தான் போட்டு வந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் இடப்பக்கக் கோடு முடியும் இடம் வலப்பக்கத்தைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

இஞ்சினுக்குக் கடைசியில்தான் வந்தார். புல்லட் என்ற பெயர் 1932இலிருந்து இருக்கிறது; லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில், சற்றே முன்னால் சாய்ந்த இஞ்சினோடு 250, 350, 500 சிசி என்று மூன்று அளவில் அதை வைத்தார்கள். ஆனால் நம் தெருக்களில் ஓடியது, பின்சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் தரும் ஊஞ்சல் சட்டத்தோடு 1940களின் கடைசியில் வந்த 350இன் வாரிசு. சிலிண்டரின் துளை 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர், 346 சிசி. அகலத்தைவிட ஓட்டம் நீளம் என்பதால் பிஸ்டன் நிதானமாகத்தான் ஏறி இறங்கும். அந்தத் தடதடப்பின் இரகசியமும் அதுவே. கியர்ப்பெட்டி இஞ்சினோடு சேர்த்து வார்க்கப்படாமல் தனிப் பெட்டியாக இருப்பதால், எங்கள் வண்டியில் கியர் நன்றாக இருக்க, அதைத் தொடாமலேயே இஞ்சினைப் பிரிக்க முடிந்தது. 2009இல் வந்த கிளாசிக் வண்டியில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. பராமரிப்புக் குறைவதற்கு அது நல்ல மாற்றம்தான். ஆனால் இவரைப் போன்றவர்களுக்கு வேலை குறைந்ததும் அந்த மாற்றத்தால்தான்.

சிலிண்டரை ஒரு லேத் பட்டறையில் உட்புறம் கடைந்து வாங்கி, புதுப் பிஸ்டன் போட்டார். டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, சரிபார்க்க அவர் எந்த அளவுகோலையும் எடுக்கவில்லை. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பக்கத்து மூடியைத் திறந்து, வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்க்கிறார். விரலுக்கு இசைந்து சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. என்னையும் உருட்டிப் பார்க்கச் சொன்னார். கற்பூரக் கட்டியை உருட்டுவது போன்ற உணர்வு. பற்றவைப்பு நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் சடங்கு உண்டு. திறக்கும்போது பொறியைத் தூண்டும் பிளாட்டினம் பாயிண்ட்டுக்கு நடுவே ஒரு சிகரெட் தாளைச் செருகி இலேசாக இழுத்துக்கொண்டே இருக்க, உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பிஸ்டன் வரும் இடத்தில் தாள் கையோடு வந்துவிட வேண்டும். அவர் சிகரெட் பிடிப்பதில்லை. இதற்கென்றே ஒரு பெட்டி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்.

இந்தக் கைப்பழக்கம் அவருக்கு வந்த வழி, அல்சூரில் மட்டுமே சாத்தியமான வழி. ஏரிக்கரையை ஒட்டித்தான் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்களின் பயிற்சி மையம் இருக்கிறது. ‘தம்பிகள்’ என்று ராணுவமே செல்லமாகக் கூப்பிடும் படைப்பிரிவு. 1980களில், ராணுவம் கழித்து ஏலம் விட்ட புல்லட்டுகளை வாங்கியவர்கள் அவற்றைச் சைக்கிள் கடைக்கும் எடுத்து வந்தார்கள், ஏனென்றால் முதலில் கெட்டது சக்கரமும் செயினும். “கோட்டம் எடுக்க வந்த வண்டியைத் திருப்பி அனுப்ப மனசில்லாம இஞ்சினையும் திறந்தேன்” என்று அவர் சொன்னார்.

வண்டியைக் கையில் வாங்கிய அன்று கிளப்பும் முறையை மறுபடியும் சொல்லிக் கொடுத்தார். சாவியைப் போட்டு, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை தள்ள வேண்டும். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகே முழு உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்கால் ஒரு வாரம் நினைவு வைத்திருக்கும். முதல் உதையில் கிளம்பியது. இரண்டாவது வாரம் மழையில் நனைந்து நின்றபோது மட்டும் நான்கு உதை கேட்டது.

மறுஞாயிறு பழைய மதராஸ் சாலையைப் பிடித்து, ஹொசக்கோட்டை, கோலார் வழியாகத் தங்க வயலுக்கு ஓட்டிப் போனேன். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். ஒரு கையை எடுத்தால்கூட ஹேண்டில்பார் ஆடவில்லை. 55இலிருந்து 60 வரை வண்டிக்குப் பிடித்த வேகம். அதற்கு மேல் போகலாம், ஆனால் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பதும், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே என்பதும் நகரத்துச் சிக்னல்களில் என்னை இன்னும் குழப்புகின்றன. டிரம் பிரேக் அந்தக் காலத்துச் சாலைகளுக்குச் செய்தது. இன்றைய கார்களுக்கு நடுவே இரண்டு வண்டி நீளம் கூடுதலாக விட்டு ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு கண்ணுக்குத் தெரிந்தபோதே மாமனார் வாசலுக்கு வந்துவிட்டார். சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டாராம். வந்தவர் இஞ்சினைப் பார்க்கவில்லை. குனிந்து முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃபோர்க்கில் கட்டைவிரலை ஊன்றினார்.

இனி குறைகள். ஐந்து வாரம் என்று சொன்ன வேலை 11 வாரம் ஆயிற்று. இதில் மூன்று வாரம் ஓவியருக்காகக் காத்திருந்தது. மீதி, அவர் ஒரு நாளில் ஒரே வண்டியைத்தான் தொடுவார் என்பதால். தொலைபேசியை எடுக்க மாட்டார். நேரில் போனால் தேநீர் கிடைக்கும், தேதி கிடைக்காது. ஒழுங்கான ரசீது என்று எதுவும் இல்லை. சிகரெட் பெட்டியின் உள் அட்டையில் பென்சிலால் எழுதிய கணக்கைத்தான் நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய பாகங்களை அவராகத் திருப்பித் தருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். இடப்பக்கக் கருவிப்பெட்டியின் பூட்டு வேலையின் நடுவில் எங்கோ தொலைந்துவிட்டது; புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னது இன்னும் நடக்கவில்லை. ஹார்ன் ஒயரைத் தவறான இடத்தில் கொடுத்திருந்ததால் வலப்பக்கம் ஹேண்டிலைத் திருப்பினால் ஹார்ன் தானாக அடித்தது. திரும்பக் கொண்டுபோனபோது பத்து நிமிடத்தில் சரிசெய்தார், காசு வாங்கவில்லை, தவறு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார். முந்தைய கடையில் எனக்குக் கிடைக்காதது இந்தக் கடைசி விஷயம்தான்.

செலவு விவரம் கேட்பவர்களுக்கு: உதிரிபாகங்களும் வெளி வேலைகளும் சேர்த்து 39,900, ஓவியருக்கு 4,500, பட்டறைக் கூலி 17,000. அவர் வீணாகப் பாகம் மாற்றுகிறவர் இல்லை. நான் மாற்றச் சொன்ன சைலன்சரை, “இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்” என்று மறுத்துவிட்டார். மின் ஸ்டார்ட்டர், டிஸ்க் பிரேக், அலாய் சக்கரம் என்று பழைய வண்டியில் புதியவற்றை ஏற்ற விரும்புகிறவர்கள் இங்கே போக வேண்டாம். செய்ய மாட்டார், கூடவே அரை மணி நேர அறிவுரையும் கேட்க வேண்டி வரும். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் ஒரே வண்டியை விடவும் இது ஏற்ற இடம் இல்லை. வீட்டில் ஓரமாக நிற்கும் பழைய இரும்பு இஞ்சின் புல்லட்டுக்கு, பொறுமை இருந்தால், நகரத்தில் நான் பார்த்த இடங்களில் இதையே முதலில் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை பட்டறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இருப்பார். புல்லட்டுக்கு இப்போது பெயர் கொடுத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் முறை வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் பங்க்சர் போடக் கேட்டால் மட்டும், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து வருவார். அதற்கு வரிசை இல்லை.